கோட்டு ஒரு வீட்டில், பேன்ட் ஒரு வீட்டில்

அன்புள்ள மகளுக்கு,

நம் வீட்டுப் பரணில் ஏறுவது என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, காபிக்கும் குளியலுக்கும் இடைப்பட்ட நேரத்தில், முடிவெடுக்கப்பட்டது. முடிவு ஏகமனதானது என்று சொல்ல முடியாது. அம்மா ஆதரித்தாள், நான் எதிர்த்தேன், ஓட்டுகள் சமமாகும்போது அம்மாவின் ஓட்டை இரண்டாக எண்ணுவது நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நம் வீட்டில் உள்ள நடைமுறை. இப்படிப்பட்ட பெரிய காரியங்களில் இறங்கும் அளவுக்கு நாங்கள் இருவரும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையாகப் போகிறவரும் அதே அளவு சௌக்கியமாகவும், முடிந்தால் இதைவிடக் கொஞ்சம் குறைவான தூசியிலும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் வலது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. அது வீட்டில் மூன்றாவது ஆள் மாதிரி ஆகிவிட்டது, வருகிறவர்கள் முதலில் அதைத்தான் விசாரிக்கிறார்கள். இனிமேல் மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ "சுருக்கமா சொல்லுங்கப்பா, மீட்டிங் இருக்கு" என்கிறாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, பாதியில் நீ எழுந்து போனாலும் அது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் மேசையில் கிடக்கும்.

வீடு சுத்தம் செய்வது பற்றி நீ அனுப்பிய விதிகளை அம்மா பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். மேலிருந்து கீழே வர வேண்டும், முதலில் ஃபேன், பிறகு ஜன்னல், கடைசியில்தான் தரை. இத்தனை வருஷமாக நாங்கள் தரையைத் துடைத்துவிட்டு ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்தோம், அதனால் தரையை மறுபடி துடைக்க வேண்டியிருந்தது, அதற்குச் சுத்தத்தின் மேல் உள்ள அக்கறை என்று பெயர் வைத்திருந்தோம். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பழைய செய்தித்தாளால் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தால் பளிச்சென்று ஆகும் என்றாய், ஆயிற்று. அதனால் எதிர் வரிசையில் இருக்கும் உன் சித்தப்பாவின் மாடி வீடு இப்போது துல்லியமாகத் தெரிகிறது. அதற்குப் பிறகு வருகிறேன். உன் விதிகளிலேயே கடுமையானது, ஒரு வருஷமாகக் கை படாத பொருள் எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது என்பது. அதன்படி வெளியேறியவை, கம்பி மட்டும் மிஞ்சிய இரண்டு குடைகள், எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு டப்பா சாவி, உடம்பு இளைக்க வேண்டும் என்று நீ அழுது வாங்கி, வாங்கிய அன்றே ஓய்வு கொடுத்துவிட்ட ஸ்கிப்பிங் கயிறு. சாவிகளை எறிய எனக்கு மனம் வரவில்லை. சாவியை எறிந்த மறுநாள் பூட்டு வந்து நிற்கும் என்று சொன்னேன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பது வருஷம் நஷ்டஈட்டு மனு படித்து ஓய்வு பெற்றவன் சொல்கிறான் என்ற மரியாதைகூட இல்லாமல் அம்மா, "பூட்டு வரட்டும், அப்ப பாத்துக்கலாம்" என்று டப்பாவைக் குப்பை வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டாள். நீ இந்த வேலையைச் செய்யும்போது ஒன்று மட்டும் கவனி கண்ணு, கோபமாக இருக்கும் நாளில் செய்யாதே. கோபத்தில் மனிதன் சுத்தமாகத்தான் பெருக்குகிறான், எதைப் பெருக்கித் தள்ளினான் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போட்ட அதே விதியைக் கல்யாணச் செலவுக்கும் போட்டாய். ஒரு வருஷமாகப் பேசாதவர்களுக்கு அழைப்பு கிடையாது, சின்ன மண்டபம், பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து, ஒரு வேளைச் சாப்பாடு, அழைப்பிதழ் அச்சடிப்பது வீண், போனில் செய்தி போதும், யாரும் புதுத் துணி எடுக்கக் கூடாது, பீரோவில் இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டு வந்தால் போதும். எல்லாம் புத்திசாலித்தனமான ஏற்பாடுகள். நான் உன் விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றி என் பக்கத்துப் பட்டியலைத் தயாரித்தேன். ஆபீஸ் நண்பர்களில் முக்கால்வாசிப் பேர் கழிந்தார்கள். என் ஒன்றுவிட்ட தம்பிகள் மொத்தமாகக் கழிந்தார்கள். மிஞ்சியவர்கள் மருந்துக்கடைக்காரர், பேப்பர் போடுகிறவர், பிறகு வங்கியிலிருந்து தினமும் கூப்பிட்டு "சார், லோன் ஏதாவது தேவைப்படுதா" என்று அன்பாக விசாரிக்கும் ஒரு பெண். இந்த வருஷம் அந்தப் பெண் அளவுக்கு என் தேவைகளை யாரும் விசாரிக்கவில்லை என்பதால் அவளை முதல் வரிசையில் போட்டேன். பட்டியலைப் பார்த்த அம்மா, "உங்க தம்பி பேரைக் காணோமே" என்றாள். விதிப்படி வரவில்லை என்றேன். சித்தி பெயர் இருந்தது, ஏனென்றால் உன் அம்மாவும் சித்தியும் ஒரு நாள்கூடப் பேசாமல் இருந்ததில்லை, எங்கள் சண்டை நடந்த சாயங்காலமே இருவரும் ஒன்றாகத்தான் காய்கறி வாங்கப் போனார்கள். ஆகவே விதிப்படி தம்பி பெண்டாட்டி உண்டு, தம்பி இல்லை. உன் விதிகளில் இந்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அன்றைக்கே அம்மா உன்னிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள், நீயும் கூப்பிட்டுவிட்டாய். "விதி ஊருக்குப்பா, சித்தப்பாவுக்கு இல்ல. சித்தப்பா வந்து நின்னாத்தான் நான் பேனாவையே எடுப்பேன். உங்க சண்டைக்கு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா இத்தனை வருஷத்துல? இது ஒண்ணுதான் கேக்கறேன்" என்றாய். அன்று உனக்கு மீட்டிங் எதுவும் இல்லை என்பதைக் கவனித்தேன். உன் ஆசை நியாயமில்லாதது அல்ல. பள்ளி நாடகத்தில் நீ மரமாக நின்றபோது எலெக்ட்ரீஷியன் சித்தப்பா உன் கிளைகளுக்குள் ஒயர் இழுத்துச் சிவப்பு பல்பு பழுக்க வைத்தான், அந்த நாடகத்தில் ராஜா யார், ராணி யார் என்று இன்று ஒருவருக்கும் நினைவில்லை, மரத்தை மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அம்மா உன் விருப்பத்தைச் சித்தி வழியாக மாடிக்கு அனுப்பினாள். மாடியிலிருந்து வந்த பதில், "பொண்ணு கல்யாணத்துக்கு நான் வராம யார் வருவா? ஆனா கூப்பிட வேண்டியது அண்ணன். ஆபீசர் படியேறி வந்து கூப்பிடட்டும், செருப்பு மாட்டிக்கிட்டு ரெடியா நிக்கறேன். போன்ல கூப்பிட்டா ஓடறதுக்கு இது என்ன ஃபியூஸ் போன வீடா?" என்பது. ஆபீசர் என்பது நான். மரியாதையாகச் சொல்வதாகச் சித்தி சத்தியம் செய்கிறாள்.

நீ அப்போது சின்னப் பெண், நடந்ததை இரண்டு வீட்டு அம்மாக்களின் வாய்வழியாக மட்டுமே கேட்டிருப்பாய், ஆகவே கோப்பில் இருக்கட்டும் என்று என் தரப்பையும் எழுதுகிறேன். உன் தாத்தா சிக்கனமானவர். எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது ஒரே ஒரு சாம்பல் நிற சூட் தைக்கச் சொன்னார், உள்தையலில் துணியைத் தாராளமாக விட்டு, பிரித்தால் ஒரு பிள்ளைக்கும் பிடித்தால் இன்னொரு பிள்ளைக்கும் சேரும்படி. அதில் நான் கல்யாணம் செய்துகொண்டேன், பிறகு அதையே பிடித்துத் தைத்து உன் சித்தப்பா செய்துகொண்டான். இரண்டு போட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பார், சூட் அதேதான், தலை மட்டும் மாறியிருக்கும். தாத்தா போன பிறகு சாமான்களைப் பிரிக்க உட்கார்ந்தோம். ஊரில் அண்ணன் தம்பிகள் எனக்கு எனக்கு என்று அடித்துக்கொள்வார்கள். நாங்கள் கொஞ்சம் நாகரிகமானவர்கள், உனக்கு உனக்கு என்று ஆரம்பித்தோம். இவன் வாங்க மறுத்ததை அவன் வாங்க மறுத்தான், கடைசியில் எல்லாவற்றையும் சரிபாதியாக வெட்டினோம். ஆறு நாற்காலியில் ஆளுக்கு மூன்று, அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் நாலாவதாக வருகிறவருக்கு ஸ்டூல்தான். கலைக்களஞ்சியத்தில் ஒற்றைப்படைத் தொகுதிகள் எனக்கு, இரட்டைப்படை அவனுக்கு, ஆகவே எனக்குப் பல விஷயங்களில் அறிவு திடீரென்று நின்றுபோய் வேறொரு எழுத்தில் மறுபடி தொடங்கும். அம்மாவுக்காக முழங்கால் பற்றிப் படிக்கலாம் என்று போனவாரம் தேடினேன், முழங்கால் அவன் வீட்டில் இருக்கிறது.

கடைசியாக மிஞ்சியது அந்த சூட். "நீங்க மூத்தவர், உங்களுக்குத் தைச்சது, நீங்க வச்சுக்கோங்க" என்றான். நாலு வீட்டுக்குப் போய் வருகிறவன் நீ, உனக்குத்தான் உதவும் என்றேன். "ஏன், எங்கிட்ட நல்ல துணி இல்லன்னு சொல்றீங்களா?" என்றான். அப்படி நான் சொன்னேனா என்றேன். "சொல்லாம சொல்றதுதான் ஆபீசருக்குக் கைவந்த கலையாச்சே" என்றான். அதன் பிறகு இருவரும் விட்டுக்கொடுத்த வேகத்தில் தெருவே ஜன்னலைத் திறந்து பார்த்தது என்று அம்மா சொல்கிறாள். இருட்டும்போது கோட்டு என் கையில் இருந்தது, பேன்ட் அவன் கையில். அதோடு பேச்சு நின்றது. நஷ்டஈட்டு மனுவில் விபத்து நடந்த விதம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் என் தவறு என்று ஒருவரும் எழுதி நான் பார்த்ததில்லை, சும்மா நின்றிருந்த சுவர் வந்து வண்டியில் மோதியிருக்கும், குழாய் தானாகத் திறந்துகொண்டு மெத்தையை நனைத்திருக்கும். நானும் இந்த விபத்தை நடுநிலையோடு பரிசீலித்தேன். இரு தரப்பும் மிகுந்த எச்சரிக்கையோடும் பாசத்தோடும் நடந்துகொண்டிருந்த சமயத்தில் பொருள் தானாக இரண்டாகிவிட்டது என்பதுதான் என் முடிவு.

இப்போது பரணுக்கு வருகிறேன். டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்கித் திறந்தால் மேலாகவே கோட்டு இருந்தது. எடுத்து வெளியே போடு, பல வருஷமாகக் கை படாதது என்று அம்மாவுக்கு உன் விதியை நினைவூட்டினேன். அம்மா கோட்டுப் பையில் கையை விட்டுப் பாச்சை உருண்டைகளை எடுத்துக் காட்டினாள். உருண்டைகள் புதிது. "வருஷா வருஷம் நான் இதை வெயில்ல போட்டு எடுத்து வைக்கறேன். கண்ணு இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள். எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். வெயில் நன்றாக அடிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எதிர் மாடிக் கொடியில் ஒரு சாம்பல் நிற பேன்ட் தொங்குவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன், அழுக்கான ஜன்னல் வழியாகக்கூட அது தெரியும். அதே நாளில் நம் வீட்டுக் கொடியில் இந்தக் கோட்டு தொங்கும். இரண்டு பெண்களும் போனில் பேசி நாள் குறித்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. காற்றடித்தால் மேலே கால் மட்டும் நடந்துகொண்டிருக்கும், கீழே கை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பேன். ஆகவே உன் விதிப்படி கோட்டு வீட்டில் இருக்கத் தகுதி உள்ளது, அதைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிடலாம் என்றேன். அம்மா போட்டுப் பாருங்கள் என்றாள்.

உன் இன்னொரு விதிதான் இங்கே என்னைக் கவிழ்த்தது. கல்யாணத்துக்கு நான் என்ன உடுத்த வேண்டும் என்று நீ அனுப்பியிருந்ததை அம்மா வாசித்துக் காட்டினாள். கட்டம் போட்ட சட்டை எக்காரணம் கொண்டும் கூடாது, தோள் தையல் தோளில் உட்கார வேண்டும், கோட்டும் பேன்ட்டும் ஒன்று ஒரே துணியாக இருக்க வேண்டும் அல்லது முழுக்க வேறாக இருக்க வேண்டும், கிட்டத்தட்ட ஒரே நிறம் என்பதுதான் ஆகப்பெரிய குற்றம். என் பேன்ட்டுகள் அனைத்தும் கிட்டத்தட்ட அந்த நிறம்தான். கோட்டு தோளில் சரியாக உட்கார்ந்தது. வயிற்றுப் பக்கம் பொத்தானும் பொத்தான் துளையும் ஒன்றையொன்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டன. "மூச்சு விடாம இருந்தா மூடிடலாம், கல்யாணம் ஒரு நாள்தானே" என்றாள் அம்மா. தையல்காரரிடம் கொண்டுபோனேன். உள்ளே இன்னும் துணி இருக்கிறது, கோட்டைக் கொஞ்சம் பிரித்துவிடலாம் என்றார். இதற்கு ஜோடியாக ஒரு பேன்ட் என்றதும் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த நெசவு இப்ப எங்கயும் கிடைக்காது சார், இதோட பேன்ட் எங்கே இருக்கோ அங்கே போய்க் கேளுங்க" என்றார். அந்த இடத்தின் விலாசம் எனக்குத் தெரியும் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, சித்தியிடம் சொல்லி அந்தப் பேன்ட்டை ஒரு நாளைக்கு இரவல் வாங்கிவர முடியுமா என்று அம்மாவைக் கேட்டேன். அவள் காலை நீட்டி முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தாள். "ரெண்டு வீட்டுக்கும் தூது போயே இது தேஞ்சுபோச்சு. டாக்டரே படி ஏறாதேன்னுட்டார். இனிமே உங்க கால் போகட்டும், அது நல்லாத்தானே இருக்கு" என்றாள். சித்தியையே கீழே வரச்சொல்லலாமே என்றேன். "அவளுக்கும் முழங்கால் வலியாம், காலையிலதான் ஆரம்பிச்சுதாம்" என்றாள். இரண்டு வீட்டு முழங்கால்களும் ஒரே வாரத்தில் செயலிழந்தது பற்றி எனக்குச் சந்தேகங்கள் உண்டு. ஆபீசாக இருந்தால் மேல்விசாரணைக்கு எழுதியிருப்பேன். ஆக நிலைமை இதுதான். நீ சித்தப்பா வராமல் பேனாவை எடுக்க மாட்டாய், அவன் நான் படியேறாமல் வர மாட்டான். நான் ஏறலாம் என்று வைத்துக்கொண்டாலும், எதைக் கையில் பிடித்துக்கொண்டு போவது? அழைப்பிதழ் என்று ஒன்று இருந்தால் அதை நீட்டிவிட்டு, வெயில் அதிகம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். அச்சடிப்பது வீண் செலவு என்று அந்த வரியை அடித்தவள் நீ. சிக்கனத்தில் குற்றம் சொல்லவில்லை. வெறுங்கையோடு ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை உன் தலைமுறை செலவுக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

நீ கேட்காவிட்டாலும் கல்யாணம் பற்றிச் சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன். எதற்கு என்று பெயர் வைக்காமல் ஒரு தொகையைத் தனியாக வை, கல்யாணத்தில் கடைசி நாள் வருகிற செலவுக்குப் பெயர் இருக்காது. மண்டபத்தில் திரைச்சீலைக்குப் பக்கத்தில் மெழுகுவத்தி வைக்க விடாதே, அந்த வகை மனுக்களை நான் நிறையப் படித்திருக்கிறேன், எல்லாம் அழகாக இருக்கும் என்றுதான் தொடங்கும். புதுச் செருப்பை முன்கூட்டியே வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்கு. உடுத்துவது எதுவானாலும் அதில் உட்கார முடிகிறதா, கையைத் தூக்கி ஒருவரைக் கட்டிக்கொள்ள முடிகிறதா என்று பார், நிற்பதற்கு மட்டும் தைத்த உடை போட்டோவுக்குத்தான் ஆகும். மாப்பிள்ளையாகப் போகிறவர் எல்லாவற்றுக்கும் உன் இஷ்டம் என்கிறார் என்று பெருமையாகச் சொன்னாய். நல்ல மனிதர், சந்தேகமில்லை. ஆனால் இரண்டு பேரும் உன் இஷ்டம், உங்கள் இஷ்டம் என்று ஆரம்பித்தால் அங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி, உனக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று ஒருவரை ஒருவர் கேட்டுவிடுங்கள். சண்டை போட்டுத் தோற்றவன் மறுநாள் வந்து பேசிவிடுவான். விட்டுக்கொடுக்கும் போட்டியில் தோற்றவன் பேச மாட்டான், அவன்தான் தோற்றான் என்பது அவனுக்கே புரியாது, ஜெயித்தவனுக்கும் புரியாது. எனக்கு அன்று அந்த சூட் வேண்டும்தான். அவனுக்கும் வேண்டும் என்று வருஷா வருஷம் அந்தக் கொடியைப் பார்த்தால் தெரிகிறது. இரண்டு பேரில் ஒருவர் எனக்கு வேண்டும் என்று சொல்லியிருந்தால் இன்னொருவர் கொடுத்திருப்பார், சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்போம்.

தாள் முடிகிறது. நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீங்கள் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ், முழு நாற்காலிச் செட்டோடு, நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் மனமார வாழ்த்துகிறோம். மண்டபக்காரரிடம் ஒயரிங்கைச் சரிபார்க்கச் சொல்ல மறக்காதே, பழைய கட்டடம் என்றாய். பரண் இப்போது காலி, நீ வந்தால் பார்க்கலாம், பார்க்க ஒன்றுமில்லை.

உன் கடிதத்துக்கு அல்ல, உன் வருகைக்குக் காத்திருக்கும்
அப்பா

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் இரண்டு நாள் ஆகிவிட்டது. நேற்று சாயங்காலம் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர் மாடிக்கு ஏறினேன். கதவைத் திறந்ததும் உன் சித்தப்பா, "என்ன, கரண்ட் இல்லையா?" என்று கேட்டான். இருக்கிறது, பேன்ட் வேண்டும் என்றேன். சித்தி முழங்கால் வலியை மறந்து ஓடிப்போய் எடுத்து வந்தாள். பேன்ட் எனக்குத் தொடைக்கு மேல் ஏறவில்லை. கோட்டை அவன் போட்டுப் பார்த்தான், பிரிக்கவோ பிடிக்கவோ தேவையில்லை. மண்டபத்தில் நாற்காலி ஒன்று கூடுதலாகச் சொல்லிவிடு. சூட்டில் அவன் வருகிறான். நான் கட்டம் போட்ட சட்டையில் வருகிறேன்.